அறுபத்தொன்றாம் கட்டம்

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று அன்பர்கள் கேட்டால் காப்பியத்தைப் பற்றியோ கவிதையைப் பற்றியோ எழுதித் தருவதுதான் மரபு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் கூட்டலும் பெருக்கலும் எழுதிக் கைவிரலெல்லாம் சுண்ணமாகிப் போனவனிடம் அதை எதிர்பார்ப்பது முறையன்று. ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றியே எழுதுகிறேன். அஃது ஓர் எண். பத்தொன்பது இலக்கங்கள் கொண்டது. 2305843009213693951 என்று எழுதுவர். நம் வழக்கில் சொல்வதானால் இருபத்து மூவாயிரத்து ஐம்பத்தெட்டு கோடி கோடிக்கும் சற்று மேல். இரண்டை அறுபத்தொரு முறை பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். கணித நூலார் இதனை 2⁶¹−1 எனச் சுருக்கி எழுதுவர். தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண் இது. நாம் பள்ளியில் பகா எண் என்று படித்தோமே, அவ்வினத்தைச் சேர்ந்தது.

இந்த எண்ணுக்கும் கேரள நாட்டு நெல்லுக்கும் ஓர் உறவு உண்டு. அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயிலில் பால் பாயசம் வந்த கதையை நம் பக்கத்தவர் அறியாதிருக்க மாட்டார்கள். செம்பகசேரி மன்னன் சதுரங்கத்தில் பெரும் பித்துக் கொண்டவன். கண்ணனே முதியவர் வடிவில் வந்து அவனோடு ஆடினான் என்பது கதை. பந்தயமாகக் கேட்டது சில அரிசி மணிகள்தாம். முதற் கட்டத்தில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு, இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டித்துக்கொண்டே அறுபத்து நான்கு கட்டமும் நிரப்ப வேண்டும். மன்னன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். களஞ்சியம் காலியான பிறகுதான் சிரிப்பு நின்றது. தீர்க்க முடியாத அக்கடனை நாள்தோறும் பாயசமாக அடியவர்க்கு அளித்துத் தீர்க்கச் சொன்னார் என்று கதை முடிகிறது.

கதையைக் கேட்பவர்கள் அறுபத்து நான்காம் கட்டத்தோடு வாயைப் பிளந்து நின்றுவிடுகிறார்கள். கணக்கறிந்தவன் சற்றுப் பின்னே வர வேண்டும். அறுபத்து நான்கு கட்டங்களின் மொத்தம் 18446744073709551615. கடைசி இலக்கம் ஐந்து. ஆதலின் ஐந்தால் வகுபடும். மூன்றாலும் பதினேழாலும் வகுபடும். பெரிய எண்ணே தவிர, கட்டுக்கோப்பில்லாத எண். மூன்று கட்டங்களைத் தவிர்த்து, அறுபத்தொன்றாம் கட்டம் வரை மட்டும் அரிசியைக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் நான் மேலே சொன்ன பகா எண். ஒரு கிலோவுக்குச் சுமார் 40,000 மணிகள் என்று கொண்டால் அந்த அரிசி ஏறத்தாழ 5,764 கோடி டன். உலகம் முழுவதும் இன்று விளையும் அரிசியை நூறாண்டுக்கு மேல் சேர்த்தால்தான் அவ்வளவு ஆகும். அத்தனையையும் ஒன்றுக்கு மேற்பட்ட எத்தனை பேருக்கும் சமமாகப் பங்கிட முடியாது, தலைக்கு ஒரு மணி என்று கொடுத்தாலன்றி.

சதுரங்கப் பலகையில் இப்படி மொத்தம் பகா எண்ணாக நிற்கும் இடங்கள் ஒன்பதே. 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61 ஆகிய கட்டங்கள். எல்லாக் கட்ட எண்களும் பகா எண்களாகவே இருப்பதைக் காண்க. அது தற்செயல் அன்று. ஆறாம் கட்டத்தில் நிறுத்தினால் 63. ஆறு என்பது இரண்டும் மூன்றுமாகப் பிரிவதால் அதுவும் பிரிந்துவிடுகிறது. ஆனால் கட்ட எண் பகா எண்ணாக இருந்தால் மொத்தமும் பகா எண் ஆகும் என்று அவசரப்பட்டுவிடக் கூடாது. பதினொன்றாம் கட்டத்து மொத்தம் 2047. அது 23-ஐயும் 89-ஐயும் பெருக்கி வந்த எண்.

இனி நெல்லின் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கோரம், சித்தூர் வட்டத்தில். ஒரு காலத்தில் கொச்சி இராச்சியம், 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் முதல் கேரளம். அரசுகள் மாறினவே தவிர, களத்தில் நெல் அளக்கிற முறை மாறவில்லை. என் தந்தையார் நெல் அளப்பவர். எழுதப் படிக்கத் தெரியாது. பறையைக் கவிழ்க்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்பார். இரண்டு முதற்கொண்டுதான் எண் வரும். தமிழ்நாட்டுக் களங்களிலும் இந்த வழக்கம் உண்டு. முதல் அளவையை இலாபமாகச் சொல்லித் தொடங்கினால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. லாபம், ரெண்டு, மூணு என்று அவர் இராகத்தோடு சொல்லிக்கொண்டு போவது இன்றும் என் காதில் இருக்கிறது.

1955-ஆம் ஆண்டு அறுவடையின்போது எனக்கு வயது ஏழு. ஒரு களத்தில் (எவருடையது என்பது இங்கே வேண்டா) பன்னிரண்டு பேருக்குக் கூலியாக வந்த நெல் 61 பறை. ஆளுக்கு ஐந்து பறை போக ஒரு பறை மிச்சம். மிச்சம் களத்துக்கே என்பது அங்கே வழக்கமாம். வேறு நாட்களில் ஆட்கள் ஐந்து பேராக இருந்தாலும், ஆறு பேராக இருந்தாலும், பத்துப் பேராக இருந்தாலும் எப்படியோ ஒரு பறை மிச்சமாகிவிடும். அதுவும் களத்துக்கே போகும். அன்று என் தந்தையார் காரியஸ்தரிடம், "எசமான், பறையில வகுபடாதது இடங்கழியில வகுபடுமுங்க" என்று சொன்னார். பத்து இடங்கழி ஒரு பறை. நான்கு நாழி ஓர் இடங்கழி. ஆக ஒரு பறை நாற்பது நாழி. தலைக்கு மூன்று நாழி கொடுத்தால் முப்பத்தாறு போகும். "மிச்சம் நாலு நாழிய இங்கயே கஞ்சி வச்சுக் குடிச்சிருவாங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காரியஸ்தர் சிரிக்கவில்லை.

மறுநாள் முதல் அந்தக் களத்தில் அளக்க வேறு ஆள் வந்தார். அடுத்த களங்களும் அதைப் பார்த்து நடந்துகொண்டன. சித்திரை பிறப்பதற்குள் நாங்கள் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாக மறையூர் ஏறி, தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் குடியேறினோம். ஒரு பறை நெல் எங்கள் குடும்பத்தை ஐயாயிரம் அடி உயரத்துக்குத் தூக்கிச் சென்றது.

நம் முன்னோர் எதையும் வகுக்க முடியாது என்று விட்டவர்கள் அல்லர். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, ஒன்றை 320 கூறாக்கி அதற்கு முந்திரி என்று பெயரும் இட்டார்கள். இவ்வளவு நுணுக்கமான அளவை வைத்திருந்த நாட்டில் ஒரு பறையைப் பகுக்க முடியாது என்று ஒருவர் சொன்னது எனக்கு இன்றும் வியப்பே. ஆயினும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: பன்னிரண்டு பேர் என்றால் முந்திரி வரை இறங்கினாலும் எட்டு முந்திரி மிஞ்சத்தான் செய்யும். 320-ஐ மூன்று வகுக்காது. நாலு நாழிக் கஞ்சிதான் அதற்கு விடை.

கல்லூரியில் கணிதம் படித்த காலத்தில்தான் 61 என்னும் எண்ணின் குணம் எனக்கு விளங்கியது. அறுபதோடு ஒன்று சேர்ந்தது அது. அறுபதை 2, 3, 4, 5, 6, 10, 12 யாவும் வகுப்பதால் 61 பறையை இத்தனை பேரில் யாருக்குப் பங்கிட்டாலும் ஒன்றே மிஞ்சும். களத்து வழக்கம் எங்கிருந்து கொழுத்தது என்பது தெரிந்தது. அதைவிட வியப்பு, 61-ஐ அடுக்காகக் கொண்ட பெரிய எண்ணும் தன் தாயின் குணத்தை விடவில்லை என்பது. 2⁶¹−1 என்னும் எண்ணை 3 ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 1. ஐந்தால் வகுத்தால் 1. ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று, பதினைந்து, எதனால் வகுத்தாலும் மீதி 1.

ஏன் என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம். இரண்டின் அடுக்குகளை ஏழால் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் 2, 4, 1, மீண்டும் 2, 4, 1 என்று மூன்றுக்கு ஒருமுறை சுற்றி வரும். பதினொன்றால் வகுத்தால் பத்துக்கு ஒருமுறை. பதின்மூன்றால் வகுத்தால் பன்னிரண்டுக்கு ஒருமுறை. மூன்றுக்கு இரண்டு, ஐந்துக்கும் பதினைந்துக்கும் நான்கு, ஒன்பதுக்கு ஆறு. இந்தச் சுற்றுகள் அத்தனையும் அறுபதுக்குள் சரியாக அடங்கும். ஆகவே அறுபதாம் அடுக்கில் எல்லாரும் ஒரே நேரத்தில் சுற்றை முடித்து மீதி 1 என்று நிற்கிறார்கள். அறுபத்தொன்றாம் அடுக்கில் மீதி 2. அதில் ஒன்றைக் கழித்தால் 1. தேர்த்திருவிழாவில் பல தெருக்களில் சுற்றி வந்த தேர்கள் ஒரே நாழிகையில் நிலைக்கு வந்து சேர்வது போன்றது இது. 61 ஆல் வகுத்தாலும் மீதி ஒன்றுதான். பதினேழில் இந்த ஒழுங்கு குலைகிறது. அங்கே சுற்று எட்டு. எட்டு அறுபதில் அடங்காது. மீதி 14 வந்துவிடுகிறது.

பதினேழு என்றதும் எல்லைப்புறத்து மற்றொரு தமிழர் நினைவுக்கு வருகிறார். செங்கோட்டையை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை. அன்று செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956-இல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. நாங்கள் எந்த நாளில் கேரளத்தவர் ஆனோமோ அதே நாளில் அவ்வூரார் சென்னை மாநிலத்தவர் ஆயினர். அடுத்தடுத்து வரும் எண்களை, பதினாறுக்கு மேற்படாமல், எங்கிருந்து எடுத்தாலும், மற்றெல்லாவற்றோடும் பொது வகுஎண் இல்லாத எண் ஒன்றேனும் அவற்றுள் இருக்கும் என்று பிள்ளை நிறுவினார். பதினேழு எடுத்தால் அந்த உறுதி இல்லை. 2184 முதல் 2200 வரை எடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் உள்ளேயே ஓர் உறவினர் உண்டு, தனித்து நிற்பது ஒன்றுமில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றியவர் அவர். 1950 ஆகஸ்டு 31 அன்று, அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோ அருகே நிகழ்ந்த விமான விபத்தில் மறைந்தார். இராமானுசனுக்கு நாம் எடுக்கும் விழாக்களில் பத்தில் ஒரு பங்கு பிள்ளைக்கும் எடுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

நம் எண்ணுக்குத் திரும்புவோம். சிறிய எண்கள் வகுக்கவில்லை என்பதால் மட்டும் அது பகா எண் ஆகிவிடாது. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 151 கோடி. அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்ப்பதென்றால் ஓர் ஆயுள் போதாது. இத்தகைய எண்ணுக்கு வகுஎண் ஏதேனும் இருக்குமாயின் அதை 122 ஆல் வகுத்தால் மீதி ஒன்றாகவே இருக்கும் என்பது கணிதர் கண்ட குறுக்கு வழி. அப்படியும் ஒரு கோடியே இருபத்து நான்கு இலட்சம் எண்கள் எஞ்சும்.

பிரான்சு நாட்டுத் துறவியார் மெர்சென் 1644-இல் இவ்வகை எண்களில் எவை பகா எண்கள் என்று 257-ஆம் அடுக்கு வரை ஒரு பட்டியல் தந்தார். அதில் 61 இல்லை. 67 இருந்தது. இரண்டும் பிழை. 61-ஐ எழுதப் போய் 67 என்று எழுதிவிட்டாரோ என்று பின்னாளில் ஐயுற்றவரும் உண்டு. 1876-இல் உலூக்காசு என்னும் பிரெஞ்சுக்காரர் 67-ஆம் அடுக்கு பகா எண் தராது என்று காட்டினார். ஆனால் அதைப் பகுக்கும் எண்கள் எவை என்று சொல்ல அவரால் இயலவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணிதர் கோல், ஒரு கூட்டத்தில் எழுந்து வாய் திறவாமல் பலகையில் 193707721-ஐ 761838257287 ஆல் பெருக்கிக் காட்டி, விடை 2⁶⁷−1 ஆக வந்ததும் அமர்ந்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமைகளாக மூன்றாண்டுகள் ஆயின என்று பிறகு சொன்னதாகக் கூறுவர். பேசாமல் உட்கார்ந்த அப்பேச்சுக்குப் பெருத்த கைதட்டல் கிடைத்ததாம். நம் மேடைப் பேச்சாளர்கள் கவனிக்கத்தக்கது.

61-இன் பெருமையை மீட்டவர் உருசிய நாட்டுக் கிராமப் பாதிரியார் பெர்வூசின். பல்கலைக்கழகப் பதவி இல்லை, கருவி இல்லை, காகிதமும் பேனாவும்தான். 1883-இல் 2⁶¹−1 பகா எண்ணே என்று நிறுவினார். பட்டியல் போட்டவர் பெயர் இவ்வெண்கள் எல்லாவற்றுக்கும் நிலைத்துவிட்டது. இந்த ஒன்றையாவது பெர்வூசின் எண் என்று சொல்வதே நியாயம். நான் வகுப்பில் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

தேவிகுளம் வட்டத்தில் தோட்டப் பிள்ளைகள் படிக்கும் தமிழ் வழிப் பள்ளி ஒன்றில் எனக்கு வேலை. 1984-இல் ஒரு மழை நாள், பாடம் முடிந்தும் பிள்ளைகள் லயங்களுக்குப் போக முடியாமல் இருந்தார்கள். உலூக்காசு காட்டிய வழியைப் பலகையில் போட்டேன். ஏழாம் கட்டத்து மொத்தம் 127. நான்கில் தொடங்க வேண்டும். வர்க்கப்படுத்தி இரண்டைக் கழித்து, வந்ததை 127 ஆல் வகுத்து மீதியை மட்டும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். 4 பிறகு 14. அதன் வர்க்கம் 196, இரண்டு போக 194, மீதி 67. அடுத்து 42. அடுத்து 111. ஏழில் இரண்டு குறைய ஐந்து முறை செய்தாக வேண்டும். ஐந்தாம் முறை மீதி சுழியாக வந்தால் 127 பகா எண், வராவிட்டால் இல்லை. 111-இன் வர்க்கம் 12321. இரண்டு போக 12319. அதை 127 ஆல் வகுக்கப் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் குனிந்தார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு பெண் முதலில் எழுந்து, "தொண்ணூத்தேழு தடவை சார், மிச்சமே இல்ல" என்றாள். பிறகு உட்காராமல், "இதே மாதிரி அம்பத்தொம்பது தடவை செஞ்சா அந்தப் பெரிய எண்ணும் தெரிஞ்சிருமா சார்?" என்று கேட்டாள். அறுபத்தொன்றில் இரண்டு குறைய ஐம்பத்தொன்பது. நான் சொல்லாமலே அவள் கண்டுகொண்டாள்.

அவள் மேற்படிப்புக்குப் போகவில்லை. பத்தாம் வகுப்புக்கு மேல் தமிழில் படிக்க மலையிறங்கிப் போய்த் தங்க வேண்டும். தகப்பன் இல்லாத வீட்டில் அதற்கு வழியில்லை. தாயோடு கொழுந்து பறிக்கப் போனாள். ஆனால் கணக்கை விடவில்லை. தராசில் சாக்கின் எடைக்கும் இலையின் ஈரத்துக்கும் என்று கழிப்பதை நாள் தவறாமல் ஒரு நோட்டில் குறித்து வந்தாள். மழை பெய்யாத மாதத்திலும் ஈரக் கழிவு அதே அளவில் இருந்ததைக் கூட்டிக் காட்டி, அந்தத் தோட்டத்தில் பதினாறு பெண்களுக்கு உரிய எடையைத் திரும்ப வாங்கிக் கொடுத்தாள். அதற்காக அவளை எவரும் மலையிலிருந்து இறக்கிவிடவில்லை. 1955-க்கும் பிற்காலத்துக்கும் இடையே சங்கங்கள் வந்திருந்தன, சட்டங்களும் வந்திருந்தன.

2024 அக்டோபரில் உலகில் அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பகா எண் கண்டறியப்பட்டதாகச் செய்தி வந்தது. அதுவும் இரண்டை அடுக்கி ஒன்றைக் கழித்ததே. அடுக்கு மட்டும் 136279841. இலக்கங்கள் 4 கோடியே 10 இலட்சத்து 24 ஆயிரத்து 320. பக்கத்துக்கு மூவாயிரம் இலக்கம் அச்சிட்டாலும் பதின்மூன்றாயிரம் பக்கங்களுக்கு மேல் ஆகும். அதைக் கண்டவர் உலூக்கு தூரான்று என்னும் அமெரிக்கர். பல நாடுகளில் இருந்த கணினிகளை ஒருங்கிணைத்துத் தேடினார். ஆயினும் உறுதி செய்த முறை அன்று மழைநாளில் 127-க்குப் போட்ட அதே முறைதான்.

அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த மாதம் அவள் மகளோடு என்னைப் பார்க்க வந்தாள். மகள் கோயம்புத்தூரில் கணினிப் படிப்பு. பைத்தான் என்னும் கணினிமொழி, எண்களுக்கு அடையாளக் குறி இடும்போது அவற்றை 2⁶¹−1 ஆல் வகுத்த மீதியையே வைத்துக்கொள்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். இத்தனை எண்கள் இருக்க இதை ஏன் எடுத்தார்கள் என்று கேட்டேன். 64 இடங்கள் கொண்ட கணினிச் சொல்லுக்குள் அடங்கும் இவ்வகைப் பகா எண்களில் இதுவே பெரியது என்றாள். மடிக்கணினியைத் திறந்து, பெர்வூசின் எண்ணை இட்டாள்; திரையில் சுழி வந்தது. 2⁶¹ என்று இட்டாள், ஒன்று வந்தது.

"லாபம்" என்றேன். அவளுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. அவள் தாய்க்கும் விளங்கவில்லை. களம், பறை, காரியஸ்தர், நாலு நாழிக் கஞ்சி எல்லாம் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் உடுமலைப்பேட்டைக்குப் போகும் கடைசிப் பேருந்து போய்விட்டது.